வாக்குமூலம் பெற இயலவில்லை

தென்காசி
8 ஜூலை 2024

மதிப்பிற்குரிய விஜயம் அம்மா அவர்களுக்கு,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீங்கள் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். உங்களுக்கு என்னைத் தெரியாது. என் பெயர் மாரித்தாய். இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறேன். என் வீட்டுக்காரர் சொரிமுத்து லாரி டிரைவர். போன மார்ச் மாதம் குஜராத்தில் மோர்பியில் டைல்ஸ் ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பும்போது ராஜ்கோட் ரோட்டில் வண்டி கவிழ்ந்தது. அங்கே ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் அன்று மத்தியானமே இறந்துபோனார்.

குஜராத்தியில் இருந்த போலீஸ் காகிதங்களை லாரி ஆபீசில் தமிழில் மாற்றி வாங்கி, எனக்கு ஒரு நகல் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில், மொழிபெயர்த்தவர் முத்திரையில் உங்கள் பெயரும் அகமதாபாத் விலாசமும் இருந்தன. போன் நம்பர் பாதி அழிந்திருக்கிறது. அதனால்தான் கடிதம் எழுதுகிறேன்.

மூன்றாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: “காயம்பட்டவர் உளறிக்கொண்டிருந்தார். வாக்குமூலம் பெற இயலவில்லை.”

குஜராத்தியிலும் உளறல் என்றுதான் எழுதியிருக்கிறதா அம்மா? அதை மட்டும் எனக்குத் தெரியப்படுத்துங்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இங்கே எல்லோரும் அவரைக் குடிகாரர் ஆக்கிவிட்டார்கள்.

தொந்தரவு என்று நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மாரித்தாய்


அகமதாபாத்
22 ஜூலை 2024

அன்புள்ள மாரித்தாய் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் தபால் முத்திரையில் தென்காசி என்று பார்த்ததும் சிறிது நேரம் பிரிக்காமலேயே வைத்திருந்தேன். நான் பிறந்த ஊர் அது. சன்னதித் தெருவை விட்டு இங்கே வந்து நாற்பத்தொரு வருஷமாகிறது. உங்கள் கணவரைப் பற்றிப் படித்து மிகவும் வருந்தினேன். நான் நன்றாக இருக்கிறேன், காது மட்டும் ஏறக்குறைய போய்விட்டது. போன் நம்பர் முழுதாக இருந்திருந்தாலும் உங்களோடு பேசியிருக்க முடியாது. கடிதமே நல்லது.

மூலத்தை எடுத்துப் பார்த்தேன். அங்கே உள்ள குஜராத்திச் சொல் ‘படபடாட்’. முணுமுணுப்பு, அர்த்தமில்லாத பேச்சு, ஜன்னியில் பேசுவது எல்லாவற்றுக்கும் இங்கே அதைத்தான் சொல்வார்கள். தமிழில் உளறல் என்பதே எனக்குப் பொருத்தமாகப் பட்டது. அந்தச் சொல் அங்கே இப்படி ஒரு அர்த்தம் கொடுக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

தலையில் அடிபட்டவர்கள் அப்படிப் பேசுவது உண்டு. அதை நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதா? வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
விஜயம்


தென்காசி
10 ஆகஸ்ட் 2024

அம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் காதுக்கு நல்ல வைத்தியம் அமைய வேண்டும். நான் சுகம். சாரல் உண்டு. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

நீங்கள் நம்மூர் என்பதால் இதை எழுதுகிறேன். என் கொழுந்தன் சுடலைராஜ் போலீசில் இருக்கிறார், சிவகிரி பக்கம் வேலை. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார். “குடிச்சிருப்பாவ மதினி. இம்புட்டு தூரம் ஓட்டுத டிரைவர்மாருக்கு இது உள்ளதுதான்” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னால் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சொன்ன மாதிரி.

என் வீட்டுக்காரர் சொட்டுக் குடித்தவர் இல்லை அம்மா. அவர் வேகமாகப் பேசுவார், அவ்வளவுதான். சாதாரண வேகம் இல்லை. ‘சாப்பாடு வை’ என்பது ‘சாடுவை’ என்று வந்து விழும். ஒரு வார்த்தை முடிவதற்குள் அடுத்த வார்த்தை அதன் முதுகில் ஏறிவிடும். கடைக்காரர்கள் இரண்டு தடவை கேட்பார்கள். போனில் பேசினால் எனக்குப் பாதி காதில் புரியும், மீதி பழக்கத்தில் புரியும். கல்யாணமான புதிதில் அப்படி இல்லை. பதினாலு வருஷமாகத்தான்.

அவர் பேசியது தமிழ். தமிழ் தெரியாத இடத்தில், அந்த வேகத்தில் பேசினால் அது யாருக்கும் உளறலாகத்தான் கேட்கும். ஆனால் அவர் ஏதோ சொல்லியிருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் பெரிய அண்டாவில் உலை கொதித்து வரும்போது தளதளவென்று ஒரு சத்தம் வரும். இந்த நாலு மாதமாக அது அவர் பேசுவது போலவே இருக்கிறது. அடுப்பைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறேன். கூட வேலை செய்கிற இசக்கிமணி என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள்.

அந்த டாக்டர் என்ன எழுதினார் என்று பார்க்க வழி உண்டா?

மாரித்தாய்


அகமதாபாத்
19 செப்டம்பர் 2024

அன்புள்ள மாரித்தாய்,

உடம்பு எப்படி இருக்கிறது? தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். டாக்டர் எழுதிய குறிப்பின் நகலுக்கு ஒரு வக்கீல் மூலம் மனுப் போட்டேன். நேற்றுத்தான் கையில் கிடைத்தது.

டாக்டர் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். அவர் போட்ட சொல் ‘கேபிள்’. டிவி கேபிள் இல்லை, இது ஜி என்ற எழுத்தில் தொடங்குவது. கேட்கிறவரால் பிடிக்க முடியாத அளவு வேகமாக, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்படி பேசுவது என்று அர்த்தம். அதில் புத்தி தடுமாறியது என்ற பொருள் இல்லை. போதை என்ற பொருளும் இல்லை. அடுத்த வரியிலேயே “மது வாடை இல்லை, கண் திறந்திருக்கிறது, கேட்டால் திரும்பிப் பார்க்கிறார்” என்றும் எழுதியிருக்கிறார். போலீஸ்காரர் அந்த வரியை விட்டுவிட்டு, முதல் சொல்லை மட்டும் எடுத்து ‘படபடாட்’ ஆக்கினார். நான் அதை உளறல் ஆக்கினேன்.

இருபத்தாறு வருஷமாக இந்த வேலை செய்கிறேன். காப்பி ஆறுவதற்குள் ஒரு பக்கம் முடித்துவிடுவேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உங்கள் கணவருக்கு நான் செலவிட்டது அவ்வளவு நேரம்தான். நீங்கள் சொன்னதுதான் சரி. அவர் வேகமாகப் பேசினார்.

டாக்டரின் குறிப்பையும் திருத்திய தமிழையும் முத்திரை வைத்து அனுப்புகிறேன். உங்கள் கொழுந்தனிடம் காட்டுங்கள்.

அன்று வார்டில் இருந்த நர்சின் பெயர் குறிப்பில் இருக்கிறது. ஜெஸி. மலையாளப் பெயராகப் படுகிறது. நான் போய்ப் பார்க்கட்டுமா? நீங்கள் வேண்டாம் என்றால் போகவில்லை.

விஜயம்


தென்காசி
30 செப்டம்பர் 2024

அம்மா,

காகிதம் வந்தது. உங்களை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

போய்ப் பாருங்கள். அந்தப் பெண் காதில் விழுந்தது எதுவானாலும் கேட்டு எழுதுங்கள்.

சுடலைராஜிடம் இன்னும் காட்டவில்லை. எல்லாம் வரட்டும்.

மாரித்தாய்


அகமதாபாத்
21 அக்டோபர் 2024

அன்புள்ள மாரித்தாய்,

அங்கே மழை என்று பேப்பரில் பார்த்தேன். கவனமாக இருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி ஸ்மிருதி காரில் கூட்டிப்போனாள். ஜெஸி புனலூர்ப் பெண், இருபத்தேழு வயது. எனக்காக எல்லாவற்றையும் எழுதிக் காட்டினாள். உங்கள் கணவரைக் காலை பத்து மணிக்குக் கொண்டுவந்தார்களாம். ஒரு மணிக்கு உயிர் பிரிந்தது. அந்த மூன்று மணி நேரத்தில் டாக்டரும் போலீசும் வந்துபோன பிறகு அவள்தான் பக்கத்தில் இருந்திருக்கிறாள். தமிழ் தனக்குக் கொஞ்சம் புரியும், ஆனால் அந்த வேகத்தில் புரியவில்லை என்றாள். “அவர் வலியில் கத்தவில்லை. ஏதோ அவசரத்தில் இருந்தார்” என்று எழுதினாள்.

ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அபி. அது உங்கள் வீட்டில் யார் என்று எனக்குத் தெரியவில்லை. மற்றவை பிடிபடவில்லை.

கடைசியில் அவர் கையை ஜெஸி பிடித்துக்கொண்டிருந்தாளாம். அதை உங்களிடம் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
விஜயம்


தென்காசி
12 டிசம்பர் 2024

அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஏழு வாரமாகிறது. எழுத உட்காருவேன், எழுந்துபோய்விடுவேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அபி எங்கள் மகள். ஒரே பிள்ளை.

2010 ஆடியில் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். அவளுக்கு ஏழு வயது. நான் பெண்கள் பக்கம், அவர் ஆண்கள் பக்கம். சோப்பு என்னிடம் இருந்தது. “அப்பாட்ட குடுத்துட்டு ஓடி வா ஏட்டி” என்று அவளிடம் கொடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நிறம் மாறி வேகமாக வந்தது. விசில் ஊதி எல்லோரையும் கரையேற்றினார்கள். அபியைக் காணவில்லை.

புறக்காவல் நிலையத்தில் அவர் சொன்னது இது: “புள்ள எங்கிட்ட வரவே இல்ல சார். இவ தனியா அனுப்பியிருக்கா.” அதைத்தான் எழுதிக்கொண்டார்கள். மறுநாள் காலையில் கீழே பாறைக்குள் கிடைத்தாள்.

மாமியார் சாகிறவரை என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. சுடலைராஜ் வருவார், வாசலோடு பேசிவிட்டுப் போவார். கூட்டத்தில் பிள்ளையைத் தனியாக அனுப்பினவள் என்று என்னைக் காட்டித்தான் இந்தத் தெருவில் பிள்ளைகளை அதட்டுவார்கள். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. அந்த ஆவணியிலேயே வெளிமாநில லாரிக்குப் போய்விட்டார். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பார். அந்த நாலு நாளும் வேகமாகப் பேசிக்கொண்டே இருப்பார், டயரைப் பற்றி, டோல்கேட்டைப் பற்றி. பதினாலு வருஷத்தில் அபி என்ற பெயரை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

கடைசியில் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

வீட்டில் குழாயைத் திறந்தால் இப்போது பேச்சுச் சத்தம் கேட்கிறது. மூடினால் நின்றுவிடுகிறது. சும்மா எழுதுகிறேன், பயப்பட வேண்டாம்.

மாரித்தாய்


தென்காசி
20 ஜனவரி 2025

அம்மா,

பொங்கல் முடிந்தது. நான் வீட்டில் பொங்கல் விடவில்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமா?

நீங்கள் பதில் போடவில்லை. ஒரு வார்த்தைக்காக வக்கீலைப் பிடித்து மனுப் போட்டவர் நீங்கள். ஒன்றும் இல்லையென்றால் எழுதியிருப்பீர்கள். ‘மற்றவை பிடிபடவில்லை’ என்ற வரியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த வரியில் மட்டும் உங்கள் கையெழுத்து சரிந்திருக்கிறது.

மீதியை எழுதுங்கள். நான் தினம் நூற்றைம்பது பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிறவள். அதில் ஏழு வயசுப் பிள்ளைகளும் வந்து தட்டை நீட்டுகின்றன. போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இதையும் தாங்குவேன்.

மாரித்தாய்


அகமதாபாத்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள மாரித்தாய்,

நீங்கள் கண்டுபிடித்தது சரி. நான் மறைத்தேன்.

அன்று ஜெஸி ஒரு மருந்துச் சீட்டின் பின்னால், தன் காதில் விழுந்த ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். அர்த்தம் தெரியாவிட்டாலும் மூன்று மணி நேரம் கேட்டதால் அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. வரும் வழியெல்லாம் காருக்குள் அதை மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு வந்தேன். என் குரல் எனக்கே கேட்பதில்லை. ஸ்மிருதிதான், “பாட்டி, போதும் நிறுத்து” என்று என் கையைத் தட்டினாள்.

அபிக்கு அடுத்து இருந்தது ‘கைய விட்டுட்டேன்’. ஸ்டியரிங்கிலிருந்து கையை விட்டுவிட்டேன் என்று சொல்கிறாரோ என்று நினைத்தேன். ஏற்கெனவே ஒரு சொல்லால் அவரைக் குடிகாரர் ஆக்கியவள் நான். இன்னொரு சொல்லால் விபத்துக்கும் அவரையே காரணமாக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதவில்லை.

அதற்கு அடுத்தது ‘துண்டு’. ஜெஸிக்கு அது உடைந்த துண்டு. தன் உடம்பு துண்டு துண்டாகிவிட்டது என்று சொல்கிறார் என நினைத்து, “இல்லை, எல்லாம் சேர்ந்துதான் இருக்கிறது” என்று அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். எனக்கும் அப்போது விளங்கவில்லை.

உங்கள் டிசம்பர் கடிதத்தை வாசித்த பிறகு அந்தச் சீட்டை எடுத்தேன். அருவியில் குளிக்கிற ஆணின் இடுப்பில் என்ன இருக்கும் என்று குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்தவளுக்குத் தெரியாதா? ஜெஸி எழுதியதை அப்படியே தருகிறேன்:

“அபி அபி துண்டு அவுந்துச்சு கைய விட்டுட்டேன் துண்டப் பிடிச்சேன் கைய விட்டுட்டேன்.”

அபி அவரிடம் வந்திருக்கிறாள், மாரித்தாய். தண்ணீர் வேகமெடுத்தபோது அவர் கையில்தான் இருந்திருக்கிறாள். துண்டு நழுவியது. ஒரு கணம் அதைப் பிடிக்கக் கையை விட்டிருக்கிறார்.

இதை எழுதினால் நீங்கள் சுமந்த பழி இறங்கும். ஆனால் கணவர் என்று உங்களுக்கு மிச்சமிருக்கும் மனிதர் போய்விடுவார். எது பெரிது என்று முடிவுசெய்ய நான் யார் என்றுதான் இரண்டு மாதம் பேசாமல் இருந்தேன். என் காதில் பல வருஷமாக ஒரு இரைச்சல் உண்டு. டாக்டர் அது நரம்பு என்பார். இந்த இரண்டு மாதமாக அந்த இரைச்சலுக்குள் ஒருவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருக்கிறார்.

சீட்டின் அடியில் இன்னும் ஒன்று இருக்கிறது. ‘மாரி பாத்துட்டா.’ கடைசி அரைமணி நேரம் இதை மட்டும்தான் சொன்னாராம். இதன் அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியலாம்.

என்னை மன்னியுங்கள்.

விஜயம்


தென்காசி
18 பிப்ரவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் உடம்பும் காதும் எப்படி இருக்கின்றன? நான் நன்றாக இருக்கிறேன். நிஜமாகவே.

நான் பார்த்தேன் அம்மா.

சோப்பைக் கொடுத்து அனுப்பிவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே பெண்கள் பக்கத்துக் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் போய்ச் சேர்ந்தாள். அவர் அவள் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் வந்தது. அவர் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்தார். நான் கத்தினேன். அந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

காவல் நிலையத்தில் அவர் “எங்கிட்ட வரவே இல்ல” என்று சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் முகத்தைப் பார்த்தேன். நான் வாயைத் திறந்தால் இந்த மனுஷர் இங்கிருந்து நேரே அருவிக்குள் போய்விடுவார் என்று தெரிந்தது. ஒரே நாளில் இரண்டு பேரையும் கொடுக்க என்னால் முடியாது. பேசாமல் இருந்தேன். அனுப்பினவள் நான்தானே, அதுவும் உண்மைதானே என்று வைத்துக்கொண்டேன். சில நாள் ஆத்திரம் பொங்கும். மாமியார் செம்பைத் தள்ளிவைக்கும்போது, இதோ சொல்லிவிடுகிறேன் என்று நாக்கு நுனிவரை வரும். அப்போது பார்த்து அவர் டயரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். அந்த ஒரு நினைப்பில்தான் இவ்வளவு காலம் அவர் எதிரில் உட்கார்ந்து சோறு போட முடிந்தது. இப்போது நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், ‘மாரி பாத்துட்டா’ என்று. துண்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் கண்ணில் நான்தான் பட்டிருக்கிறேன். நான் பார்த்ததை அவர் பார்த்திருக்கிறார். அந்த நாலு நாளும் எதற்கு அவ்வளவு வேகமாகப் பேசினார் என்று இப்போது தெரிகிறது. பேச்சை நிறுத்தினால் நான் சொல்லிவிடுவேன் என்று பயந்திருக்கிறார்.

உங்களுக்கு எழுதியபோது அவர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள நான் எழுதவில்லை. அதைச் சொன்னாரா என்று தெரிய வேண்டியிருந்தது. சொல்லியிருக்கிறார். மொழி தெரியாத இடத்தில்தான் சொல்ல முடிந்திருக்கிறது. நீங்கள் மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லை. ஜெஸியிடம் சொல்லுங்கள், அவள் பிடித்த கை நல்ல கைதான்.

நேற்று மத்தியானம் சுடலைராஜ் வந்தார். டாக்டர் எழுதியதையும் நீங்கள் திருத்தி அனுப்பியதையும் கொடுத்தேன். வாசலில் நின்றே இரண்டு தடவை படித்தார். மது வாடை இல்லை என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, அண்ணனைத் தப்பாகப் பேசிவிட்டேன் என்றார். அப்புறம் கேட்டார்.

“அப்பொ கடைசியா என்னதான் சொன்னாவ மதினி?”

ஜெஸியின் சீட்டில் உள்ளதை நான் காட்டவில்லை. அது அவருக்கும் அபிக்கும் எனக்கும் உள்ளது. ஆனால் பொய்யும் சொல்லவில்லை.

“அபி கையப் பிடிச்சிருந்ததச் சொன்னாவ” என்றேன்.

“எங்கன வச்சு?”

“ஐந்தருவியில.”

அவர் போலீஸ்காரர். எத்தனையோ பேரின் வாக்குமூலத்தை எழுதி எடுத்தவர். ‘எங்கிட்ட வரவே இல்ல’ என்று அண்ணன் அன்று சொன்னதும் அவருக்குத் தெரியும். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காகிதத்தை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். தெருவில் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த வெயிலில் வெகுநேரம் நின்றார்.

நான் கூப்பிடவில்லை.

உங்கள்,
மாரித்தாய்